ஒருவருக்கு மூன்று கமிஷன்! தொண்ணூறாயிரம் பேருக்கு?

திருநீர்மலை அடிவாரத்து டீக்கடையில் காலை ஆறு மணிக்கு நல்ல கூட்டம் இருக்கும். குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் ஷிப்டுக்குப் போகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிற பெரியாள் சித்தாள்கள், இன்னும் மனைக்கட்டாகாமல் தப்பி நிற்கிற இரண்டொரு கழனிக்கு நடவு நடப் போகிற பெண்கள், எல்லோரும் அங்கேதான் ஒரு வாய் டீ குடித்துவிட்டுக் கலைகிறார்கள்.

சென்ற வாரம் அங்கே ஒரு இளைஞர் பத்திரிகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் விமானத்தில் இறந்தாரா, ரஷ்யாவுக்குப் போனாரா, சாமியாராக வந்தாரா என்று ஒரு பக்கம் முழுக்க மர்மக் கதை. கூட்டம் இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. "தோழர், நீங்க என்ன சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த எழுபது வயது விவசாயத் தொழிலாளி ஒருவர் சொன்னார்:

"கமிஷன் வைச்சாங்களாமே, அதுல எங்க தாத்தா என்ன ஆனாருன்னும் கேட்டுச் சொல்லுங்க தோழர்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் சொன்ன கதை இதுதான். அவருடைய தாத்தா 1937ஆம் வருஷம் ஒரு கங்காணியின் பேச்சைக் கேட்டு ஆவடி முகாமுக்குப் போய், அங்கிருந்து மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறி மலாயா ரப்பர்த் தோட்டத்துக்குப் போனார். 1941 வரை மணியார்டரும் கடுதாசியும் வந்தன. அப்புறம் ஒன்றுமில்லை. "சயாம் ரயிலுக்குப் பிடிச்சிக்கிட்டுப் போயிட்டாங்க" என்று யுத்தம் முடிந்து திரும்பி வந்த ஒருவர் சொன்னாராம். அவ்வளவுதான் சேதி. பாட்டி 1979இல் செத்தார். அதுவரை தாலியைக் கழற்றவில்லை. பிணத்தைக் குளிப்பாட்டும்போது மஞ்சள் பூசுவதா வேண்டாமா என்று உறவுக்காரர்களுக்குள் சண்டை. சுமங்கலியா, விதவையா என்று அந்தத் தாய்க்கே தெரியாது. ஊருக்கு எப்படித் தெரியும்?

தோழர்களே! இந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. நேதாஜியின் மர்மத்தைப் பற்றி நாமும் பேசுவோம். ஒளிக்க வேண்டியது நம்மிடம் ஒன்றுமில்லை. ஆனால் அதே யுத்தத்தில், அதே தென்கிழக்காசியாவில், காணாமற்போன நம் ஜனங்களின் கணக்கையும் அதே மூச்சில் கேட்போம்.

முதல் மர்மம்: ஒரு தலைவர்

1945 ஆகஸ்டு 15இல் ஜப்பான் சரணடைந்ததாக அறிவித்தது. 17ஆம் தேதி நேதாஜி சைகோனிலிருந்து ஜப்பானிய குண்டுவீச்சு விமானம் ஒன்றில் புறப்பட்டார். கூடப் போனவர் கர்னல் ஹபிபுர் ரஹ்மான். மறுநாள் 18ஆம் தேதி பார்மோசா தீவின் தைஹோகு விமான நிலையத்தில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு கிளம்பியதும் விமானம் விழுந்து தீப்பிடித்தது. அந்தத் தைஹோகுதான் இன்றைய தைபே. உடல் முழுதும் தீக்காயத்துடன் ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்ட நேதாஜி அன்றிரவு இறந்தார் என்பது ஹபிபுர் ரஹ்மான் சொன்ன செய்தி. அஸ்தி டோக்கியோவில் ரெங்கோஜி என்ற புத்த ஆலயத்தில் வைக்கப்பட்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இதை நம் நாட்டு மக்கள் லேசில் நம்பவில்லை. கல்கத்தாவில் வீட்டுக் காவலிலிருந்து 1941இல் மாறுவேடத்தில் தப்பி, காபூல் வழியாக பெர்லினுக்குப் போய், அங்கிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கே வந்தவர் அவர். ஒருமுறை போலீசின் கண்ணில் மண்ணைத் தூவியவர் இன்னொரு முறை தூவ மாட்டாரா என்று ஜனங்கள் நினைத்ததில் தப்பென்ன? நம் தமிழ்நாட்டிலேயே பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் 50களில் நேதாஜி உயிரோடிருக்கிறார் என்று பகிரங்கமாக அறிவித்தார்.

சர்க்கார் என்ன செய்தது? 1956இல் ஷாநவாஸ் கான் தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. விமான விபத்தில் இறந்தார் என்று இருவர் கையெழுத்திட்டார்கள். மூன்றாவது உறுப்பினரான நேதாஜியின் அண்ணன் சுரேஷ் சந்திர போஸ் கையெழுத்திட மறுத்து, தனி அறிக்கை கொடுத்தார். 1970இல் நீதிபதி கோஸ்லா தலைமையில் இரண்டாவது கமிஷன். 1974இல் அதுவும் விபத்தில் இறந்தார் என்றே சொன்னது. 1999இல் நீதிபதி முகர்ஜி தலைமையில் மூன்றாவது கமிஷன். ஆறு வருஷம் விசாரித்து 2005இல் நேர் எதிராகச் சொன்னது: நேதாஜி இறந்துவிட்டார், ஆனால் அந்த விபத்தில் இறக்கவில்லை, ரெங்கோஜியில் இருப்பது அவருடைய அஸ்தி அல்ல. தைஹோகுவில் அப்படியொரு விபத்து நடந்ததற்குத் தங்களிடம் பதிவு இல்லை என்று தைவான் அரசாங்கம் சொன்னதும், தகனப் பதிவேட்டில் இச்சிரோ ஒகுரா என்ற ஜப்பானியச் சிப்பாயின் பெயர் இருந்ததும் அந்தக் கமிஷனுக்கு ஆதாரமாயின. 2006இல் நாடாளுமன்றத்தில் அறிக்கையை வைத்த மத்திய சர்க்கார் அதை ஏற்க மறுத்துவிட்டது.

பைசாபாத்தில் 1985இல் இறந்த ஒரு சாமியார்தான் நேதாஜி என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அதற்கும் உத்தரப் பிரதேச அரசாங்கம் 2016இல் ஒரு கமிஷன் போட்டது. அவர் நேதாஜி அல்ல என்று அந்தக் கமிஷன் சொன்னது.

நம் அபிப்பிராயத்தைக் கேட்டால் சொல்கிறோம். கூடப் பயணம் செய்து, தீக்காயத்தோடு பிழைத்து வந்த ஹபிபுர் ரஹ்மானின் சாட்சியம் இருக்கிறது. வைத்தியம் பார்த்த ராணுவ டாக்டர் யோஷிமியின் சாட்சியம் இருக்கிறது. ஜப்பான் அரசாங்கம் 1956இல் தயாரித்து, 2016இல் வெளியிட்ட அறிக்கையும் அதையே சொல்கிறது. தோற்ற பட்டாளத்தின் ஆபீசில் பதிவேடு ஒழுங்காக இல்லை என்பதற்காக, நேரில் பார்த்தவர்களின் சாட்சியத்தைத் தூக்கியெறிய முடியாது. சாட்சியங்களின் கனம் விபத்தின் பக்கம்தான் சாய்கிறது.

ஆனால் சந்தேகம் வளர்ந்ததற்கு யார் பொறுப்பு? கோப்புகளைப் பூட்டி வைத்தவர்கள்தான் பொறுப்பு! மேற்கு வங்க அரசாங்கத்திடம் இருந்த 64 கோப்புகள் 2015இல்தான் வெளியே வந்தன. மத்திய சர்க்காரின் முதல் 100 கோப்புகள் 2016 ஜனவரியில்தான் வந்தன. ஒரு மனிதர் இறந்ததைப் பற்றிய காகிதத்தை 70 வருஷம் ஜனங்களிடமிருந்து மறைத்தால், ஊரெல்லாம் கதை கட்டாமல் என்ன செய்யும்? நேதாஜியின் மகள் அனிதா, அஸ்தியை மரபணுச் சோதனை செய்யுங்கள், இந்தியாவுக்குக் கொண்டு வாருங்கள் என்று பல வருஷமாகக் கேட்டு வருகிறார். கமிஷன் போடக் காசு இருந்தது. இந்த ஒரு சோதனையைச் செய்து காரியத்தை முடிக்க மனம்தான் இல்லை. மர்மம் நீடித்தால் தேர்தலுக்குத் தேர்தல் ஒரு மாலை போடலாம், ஒரு சிலை திறக்கலாம், ஒரு பழியை எதிர்க்கட்சி மேல் சுமத்தலாம். முடிந்துபோனால் என்ன லாபம்?

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் நம் கட்சியின் ஆங்கிலப் பத்திரிகை நேதாஜியை ஜப்பானியரின் கைப்பாவையாகக் கேலிச்சித்திரம் போட்டது. அது தவறு என்று பின்னாளில் நம் தலைவர்களே ஒப்புக்கொண்டார்கள். பாசிஸ்டுகளுடன் அவர் சேர்ந்தது சரியென்று நாம் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. அவருடைய தேசபக்தியைச் சந்தேகித்தது தவறு. பிறர் கோப்பைத் திற என்று கேட்கிறவன் தன் கோப்பையும் திறந்து காட்ட வேண்டும்.

இரண்டாவது மர்மம்: யார் வீட்டுத் தங்கம்?

விமானத்தில் நேதாஜியோடு பெட்டிகளும் போயின என்பது மர்மக் கதை எழுதுகிறவர்களுக்கு மிகவும் பிடித்த அத்தியாயம். "ஐ.என்.ஏ. புதையல்!" என்று தலைப்புப் போடுவார்கள். பெட்டியில் இருந்தது எந்த ராஜாவின் புதையலும் இல்லை ஐயா! ஆசாத் ஹிந்த் அரசாங்கத்துக்கு மலாயாவிலும் பர்மாவிலும் ஜனங்கள் கழற்றிக் கொடுத்த நகை அது.

செட்டியார்களும் வியாபாரிகளும் லட்சக்கணக்கில் கொடுத்தார்கள், உண்மை. அவர்களில் கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தப்பட்டவர்களும் உண்டு. ஆனால் பால்மரம் சீவிய தமிழ்ப் பெண்கள் காதுத் தோட்டையும் மூக்குத்தியையும், சிலர் தாலிக்கொடியையுமே கழற்றி மேடையில் வைத்தார்களே, அவர்களை யார் கட்டாயப்படுத்தினார்கள்? யுத்தத்துக்கு முந்திய நாட்களில் மலாயாத் தோட்டத்தில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 சென்டு, பெண்ணுக்கு 40 சென்டு என்றிருந்தது கூலி. அந்தக் கூலியில் ஒரு குந்துமணித் தங்கம் சேர்க்க எத்தனை வருஷம் ஆகும்? நம் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

அந்தப் பெண்களின் வீட்டுப் பெண்பிள்ளைகள்தான் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினார்கள். அவர்களின் தம்பிமார்களும் புருஷன்மார்களும்தான் ஐ.என்.ஏ.யில் சிப்பாய்களாகச் சேர்ந்தார்கள். இவர்களுக்கு ரோஷம் நேதாஜி வந்த பிறகு வந்ததென்று நினைக்காதீர்கள். ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே, 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் என்பவரின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கொடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கேவலத்தை ஒழி, இவைதான் கோரிக்கைகள். வெள்ளைச் சர்க்கார் நாதனைக் கைது செய்தது. பட்டாளத்தை அனுப்பிச் சுட்டது. ஐந்து தொழிலாளிகள் மாண்டார்கள். அந்தத் துப்பாக்கிச் சத்தம் கேட்ட காதுதான் இரண்டு வருஷம் கழித்து நேதாஜியின் பேச்சையும் கேட்டது.

சரி, தங்கம் எங்கே? விபத்து இடத்தில் பொறுக்கியெடுத்ததாகச் சொல்லப்பட்ட, தீயில் உருகிக் கருகிய நகைகள் சுமார் 11 கிலோ, 1952இல் டோக்கியோவிலிருந்து டில்லிக்கு வந்து சேர்ந்தன. வந்ததும் பூட்டில் போனது. மிச்சம் களவாடப்பட்டது என்ற சந்தேகத்தை டோக்கியோவில் இருந்த இந்தியத் தூதரக அதிகாரிகளே டில்லிக்கு எழுதியிருக்கிறார்கள். 2016இல் கோப்பு வெளிவந்த பிறகுதான் இது ஜனங்களுக்குத் தெரிந்தது. கொடுத்த பெண்களில் பெரும்பாலோர் அதற்குள் மண்ணாகிவிட்டார்கள்.

தாலியைக் கொடுத்தவளுக்கு ரசீது இல்லை. கோப்பை மூடியவனுக்குப் பென்ஷன் உண்டு. இதுதானே இந்த மர்மத்தின் சாரம்?

மூன்றாவது மர்மம்: மர்மம் என்றே பேர் வாங்காத சாவு

இப்போது அந்தப் பெரியவரின் தாத்தாவுக்கு வருவோம்.

1942இல் மலாயாவையும் பர்மாவையும் பிடித்த ஜப்பானிய ராணுவம், கடல் வழியைத் தவிர்த்துப் பர்மாவுக்குச் சாமான் அனுப்ப, சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டையும் மலையையும் குடைந்து 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. அதே பாதையை வெள்ளையர் ஒருகாலத்தில் யோசித்துப் பார்த்து, மிகவும் கஷ்டம் என்று கைவிட்டிருந்தார்கள். ஜப்பானியர் ஒன்றேகால் வருஷத்தில் முடித்தார்கள். எப்படி முடித்தார்கள்? மனிதர்களை விறகாகப் போட்டு முடித்தார்கள்!

சுமார் 60,000 பேர் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்க யுத்தக் கைதிகள். அவர்களில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆனால் பாதையில் உழைத்தவர்களில் பெரும் பகுதி ஆசியத் தொழிலாளர்: பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், தமிழர். அவர்கள் தொகை 1,80,000க்குக் குறையாது. அவர்களில் செத்தவர்கள் சுமார் 90,000 என்பது வரலாற்றுக்காரர்களின் மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள்.

ரப்பர் ஏற்றுமதி நின்றுபோய்த் தோட்டத்தில் வேலையில்லை, அரிசியில்லை. "மூன்று மாத வேலை, நாளைக்கு ஒரு டாலர், நல்ல சாப்பாடு" என்று முதலில் ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்ததும் யாரும் வர மறுத்தார்கள். அப்போது இலவச சினிமா என்று கூப்பிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்தி, உள்ளே இருந்த ஆண்களை லாரியில் ஏற்றினார்கள். தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்குப் போட்டுப் பிடித்தார்கள். எந்தத் தலையைக் கொடுப்பது என்று பேர் எழுதிக் கொடுத்த கைகளில் நம்மவர் கைகளும் இருந்தன. கங்காணியும் கிராணியும் தமக்கு வேண்டியவனை விட்டு, வேண்டாதவனை எழுதினார்கள். ஒண்டிக்கட்டையாக இருந்தவனும், எதிர்த்துப் பேசியவனும் முதலில் போனான்.

பாதையில் என்ன நடந்தது? மூங்கில் கொட்டகை, ஓலைக்கூரை, இடுப்பளவு சேறு. கூடையில் மண் சுமந்து மேடு கட்ட வேண்டும், உளியும் சம்மட்டியும் கொண்டு பாறை பிளக்க வேண்டும். 1943 மழைக்காலத்தில் வேலையை முடுக்கினார்கள். அதே மழையில் காலரா வந்தது. யுத்தக் கைதிகளுக்கு மருந்து இல்லாவிட்டாலும் அவர்களுடைய டாக்டர்கள் கூடவே இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். செத்தவன் பெயரையும் தேதியையும் ரகசியமாக எழுதிப் புதைத்து வைக்க ஆள் இருந்தது. நம் ஜனங்களுக்கு டாக்டர் இல்லை, அதிகாரி இல்லை, பட்டியல் இல்லை. பக்கத்தில் படுத்தவன் செத்தால் காலையில் இழுத்துக் குழியில் போட்டார்கள். உயிர் ஊசலாடும்போதே இழுத்தார்கள் என்று தப்பி வந்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

தண்டவாளம் இருபுறமிருந்தும் வந்து ஒன்று சேர்ந்த நாள் 1943 அக்டோபர் 17. நேதாஜி சிங்கப்பூரில் ஆசாத் ஹிந்த் அரசாங்கத்தைப் பிரகடனம் செய்த நாள் அக்டோபர் 21. நடுவில் நான்கே நாள்! ஒரு பக்கம் தமிழன் துப்பாக்கியைத் தோளில் சார்த்தி சுதந்திரக் கொடிக்கு வணக்கம் செலுத்தினான். இன்னொரு பக்கம் அவனுடைய பங்காளி சயாம் காட்டில் மண்கூடையோடு விழுந்தான். பட்டாளத்தில் சேர்ந்தால் ரயிலுக்குப் பிடிக்க மாட்டார்கள் என்று சேர்ந்தவர்களும் உண்டு. ஜப்பானியரின் கூட்டாளியாக நின்ற ஆசாத் ஹிந்த் அரசாங்கத்தால் அந்தப் பிடித்துப் போவதைத் தடுத்து நிறுத்த முடியவில்லை. பிற்பாடு ஐ.என்.ஏ. வீரர்களும் ஜான்சி ராணிப் படைப் பெண்களும் பர்மா முனைக்குப் போனது அந்தப் பாதையில்தான். அண்ணன் எலும்பின் மேல் தம்பி ரயிலேறிப் போனான். நேதாஜி மர்மம் எழுதுகிற எத்தனை பேர் இதை எழுதினார்கள்?

தண்டவாளத்துக்கு விலை, அதைப் போட்டவனுக்கு?

யுத்தம் முடிந்தது. வெள்ளைக் கைதிகளைச் சில வாரத்தில் விமானத்திலும் கப்பலிலும் வீட்டுக்கு அனுப்பினார்கள். தமிழன் மாதக்கணக்கில் சயாம் முகாம்களில் கிடந்தான். ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிப்போனவர்களும் உண்டு.

மாண்ட வெள்ளைச் சிப்பாய்களுக்கு காஞ்சனபுரியில் பச்சைப் புல் வளர்த்துக் கல்லறைத் தோட்டம் போட்டார்கள். ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைய கல்லறைகள். அடையாளம் தெரிந்த ஒவ்வொருவருக்கும் பெயர், படைப் பிரிவு, தேதி. நாம் அதைக் குறை சொல்லவில்லை. அவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான், அவர்களுக்கு அது உரியதுதான். செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி என்கிறோம்.

சயாம் பகுதி ரயில் பாதையைப் பிரிட்டிஷ் சர்க்கார் 1946இல் தாய்லாந்துக்கு 12½ லட்சம் பவுனுக்கு விற்றது. ஜப்பானியர் மலாயா முதலிய இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோன தண்டவாளத்துக்கும் தளவாடத்துக்கும் அந்தப் பணம் நஷ்டஈடாயிற்று. இரும்புக்கு ஈடு கிடைத்தது! அந்த இரும்பைத் தோளில் சுமந்தவனுக்கு ஈடு கிடைக்கவில்லை.

1951 சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தப்படி முன்னாள் யுத்தக் கைதிகளுக்கு ஜப்பானின் சொத்திலிருந்து ஒரு சிறு தொகை பங்கிடப்பட்டது. தோட்டத் தொழிலாளி சிப்பாய் அல்லவே! அவனுக்கு அதில் இடமில்லை. சுதந்திர இந்திய சர்க்கார் 1952 ஜூனில் ஜப்பானுடன் தனியாக ஒப்பந்தம் செய்து, நஷ்டஈடு எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது. என்ன பெருந்தன்மை! யார் வீட்டுக் கடனை யார் தள்ளுபடி செய்தது? மலேசியாவுக்கு 1967இல் ஜப்பான் நஷ்டஈடாகக் கப்பல்கள் கட்டிக் கொடுத்தது. அந்தக் கப்பல் சம்பாதித்த லாபத்தில் தோட்டத்து விதவைக்கு ஒரு காசு வந்ததா?

1957இல் இந்தப் பாதையைப் பற்றி ஒரு பெரிய ஆங்கிலப் படம் வந்தது. க்வாய் நதிப் பாலம் என்ற அந்தப் படத்தை எடுத்தது இலங்கைக் காட்டில். ஏழு ஆஸ்கார் பரிசு வாங்கியது. வெள்ளை அதிகாரியின் கௌரவம்தான் கதை. மண் சுமந்து செத்த லட்சம் ஆசியத் தொழிலாளியைத் தேடினாலும் கிடைக்க மாட்டான். உலகம் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சரித்திரம் படித்தது.

நம்மவர் நினைவுக்கு ஒரு கல் நட 80 வருஷம் ஆயிற்று. மலேசியத் தமிழர்களும் தாய்லாந்துத் தமிழர்களும் பாடுபட்டு, தமிழ்நாடு அரசின் உதவியோடு, 2023இல்தான் காஞ்சனபுரியில் ஒரு நடுகல் எழுந்தது. அதில் பெயர்கள் இல்லை. எழுதப் பட்டியல் எங்கே இருக்கிறது?

"பழங்கதையைக் கிளறுவானேன்?"

சில மேதாவிகள் கேட்பார்கள்: "எண்பது வருஷத்துக்கு முந்தியதை இப்போது கிளறி என்ன லாபம்?" நேதாஜி எந்தச் சாமியார் வேஷத்தில் வந்தார் என்று பக்கம் பக்கமாக எழுதும்போது இந்தக் கேள்வி வருவதில்லை. ஏழையின் கணக்கைக் கேட்டால் மட்டும் சரித்திரம் பழசாகிவிடுகிறது!

இது பழங்கதையே இல்லை என்பதற்குத் தூரப் போக வேண்டாம், தாம்பரம், பல்லாவரம் வட்டாரத்தையே பாருங்கள். அடுக்குமாடி எழும்புகிற இடத்திலெல்லாம் ஒடிசா, பீகார், வங்காளத்துத் தொழிலாளி தகரக் கொட்டகையில் படுத்திருக்கிறான். அவனைக் கூட்டி வந்தவன் பெயர் இப்போது கங்காணி இல்லை, கான்டிராக்டர். சாரம் சரிந்து ஒருவன் விழுந்தால், அவன் பெயர் எந்த மஸ்டர் ரோலில் இருக்கிறது? புலம்பெயர்ந்த தொழிலாளியைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1979லேயே சட்டம் வந்துவிட்டது. 2020இல் ஊரடங்கு போட்டு லட்சக்கணக்கான தொழிலாளிகளை நெடுஞ்சாலையில் நடக்க விட்டார்கள். நடந்தே செத்தவர்கள் எத்தனை பேர் என்று அந்த வருஷம் செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டதற்கு, மத்திய சர்க்கார் சொன்ன பதில் என்ன? "அந்த விவரம் எங்களிடம் இல்லை."

1943இல் ஜப்பானிய ராணுவம் பட்டியல் வைக்கவில்லை. 2020இல் சுதந்திர இந்திய சர்க்காரும் பட்டியல் வைக்கவில்லை. பட்டியல் இருந்தால் ஈடு கொடுக்க வேண்டும். பெயர் இருந்தால் பதில் சொல்ல வேண்டும். ஏழையின் சாவில் மர்மம் என்று ஒன்றும் கிடையாது. அவனைக் கொன்றது யார் என்பது ஊருக்கே தெரியும். பெயர் மட்டும்தான் தெரியாது, தெரியாதபடி பார்த்துக்கொள்கிறார்கள்.

நாம் கேட்பது

ஒன்று: ரெங்கோஜி அஸ்தியை, மகளின் விருப்பப்படி, மரபணுச் சோதனை செய்து முடிவைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். நேதாஜியின் பெயரால் நடக்கும் வியாபாரம் அத்தோடு ஒழியட்டும்.

இரண்டு: டில்லியில் வைத்த கருகிய நகைகளை ஜனங்கள் பார்க்க வைக்க வேண்டும். "மலாயா, பர்மா உழைக்கும் மக்கள் கொடுத்தது" என்று பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.

மூன்று: ஆவடி, நாகப்பட்டினம் முகாம்கள் வழியாக மலாயாவுக்குப் போனவர்களின் பதிவுகள் ஆவணக் காப்பகத்தில் எவ்வளவு இருக்கின்றனவோ அவ்வளவையும் தமிழ்நாடு அரசு திறந்து, ஊர் ஊராக, பெயர் பெயராக வெளியிட வேண்டும்.

நான்கு: ஜப்பான் அரசாங்கத்திடம் இந்தத் தொழிலாளர்களின் சந்ததியாருக்காக மன்னிப்பும் ஈடும் கேட்க வேண்டும். 1952இல் விட்டுக் கொடுத்தது டில்லி. செத்தவன் விட்டுக் கொடுக்கவில்லை.

ஐந்து: இன்று நம் நடுவே உழைக்கிற வெளிமாநிலத் தொழிலாளி ஒவ்வொருவனுடைய பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும்.

சர்க்கார் செய்கிறவரை நாம் கையைக் கட்டி உட்கார வேண்டுமா? வேண்டாம். திருநீர்மலையில் ஒரு கதை உண்டு. திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதாம். அவர் ஆறு மாதம் காத்திருந்தாராம், நீர் வடிய. அவர் ஆழ்வார், காத்திருக்கலாம். நம் பாட்டிமார் நாற்பது வருஷம் காத்திருந்து மாண்டார்கள். இனியும் நீர் வடியக் காத்திருக்க நமக்கு நேரமில்லை.

ஆகவே சங்கக் கிளை ஒவ்வொன்றும், விவசாயத் தொழிலாளர் கிளை ஒவ்வொன்றும் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். ஊரில் வயதானவர்கள் கண் மூடுவதற்குள் போய்க் கேட்கட்டும். உங்கள் வீட்டிலிருந்து மலாயாவுக்குப் போய்த் திரும்பாதவர் யார்? பெயர் என்ன? எந்த வருஷம்? எந்தத் தோட்டம்? கடைசிக் கடுதாசி எப்போது? எழுதி வாங்குங்கள். அடுத்த பக்கத்தில் இன்று உங்கள் பகுதியில் வேலை செய்கிற வெளிமாநிலத் தோழர்களின் பெயரையும் ஊரையும் எழுதுங்கள்.

சென்ற வாரம் டீக்கடையிலேயே அந்த நோட்டை ஆரம்பித்துவிட்டோம். முதல் பக்கத்தில் முதல் வரியில் அந்தப் பெரியவரின் தாத்தா பெயர் ஏறியிருக்கிறது. 1937, ஆவடி முகாம் என்று எதிரே எழுதியிருக்கிறது. தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பெரியவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

தோழர்களே, உங்கள் ஊர் நோட்டு எங்கே?